புதன்கிழமைக்கு நன்றி

உதவி வாங்கினால் மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "நேத்தைக்கு நன்றி" என்று சொல்லிவிட வேண்டும். காலபா டவுனில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். வாங்கின அன்றைக்கே சொல்வதெல்லாம் கணக்கில் சேராது, அது வாய் தன்னால் சொல்வது. தூங்கி எழுந்த பிறகும் ஞாபகம் வைத்து, குளித்து, நல்ல துணி உடுத்தி, துணைக்கு ஒரு ஆளோடு போய்ச் சொன்னால்தான் நன்றி. பைந்துவுக்கோ மறுநாளும் போய், அதற்கு மறுநாளும் போய், இன்றைக்குச் சனிக்கிழமை ஆகிவிட்டது. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது அவளுக்குக் கடன் மாதிரி உறுத்தியது.

விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டிவிட்டாள். ஆகஸ்ட் மழையில் கரி நமுத்துப்போய்க் கிடந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம், அப்புறம் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. மரவள்ளி இலையை உரலில் போட்டு மசிய இடித்தாள். செம்பனை எண்ணெய், வேர்க்கடலை விழுது, புகைபோட்ட மீன், கிள்ளிப்போட்ட மிளகாய் என்று எதிலும் குறை வைக்கவில்லை. குழம்பு கொதிக்கிற வாசனைக்கு அடுத்த வீட்டு நாய் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது.

அவள் புருஷன் சந்திகி, மடங்காத வலது காலை இழுத்துக்கொண்டு வந்து சட்டியை எட்டிப் பார்த்தான்.

"அடேயப்பா, கல்யாணத்துக்கா ஆக்குற? யாருக்கு இவ்வளவு?"

"அந்த வண்டிக்காரருக்கு. அவரு வீட்டுல எத்தன வாயோ, யாரு கண்டா?"

"ஆளு யாருன்னே தெரியாம சோறு ஆக்கறவ இந்த ஊருலயே நீ ஒருத்திதான்."

"மொகத்தப் பாக்கலைங்க. கடைசி சீட்டுல இருந்து கழுத்துதான் தெரிஞ்சுது, பச்சத் துண்டு போட்டிருந்தாரு. எங்கள இறக்கிட்டுத் திரும்பிப் போறப்பதான் வண்டி முதுகுல எழுதியிருந்தத படிச்சேன். 'யாரையும் நம்பாதே'ன்னு இருந்துச்சு."

சந்திகி கைதட்டிச் சிரித்துவிட்டான்.

"அட நம்ம ஜிப்ரில்! நம்ம ஸ்டாண்டு வண்டிதான்டி! நல்லா எழுதி வச்சான் பாரு பேர. சரி, நானும் வர்றேன். தகப்பன் வராம சொன்னா அது ஒரு நன்றியா? நன்றிக்கு வைக்கிற கோலாக் கொட்டை நான் வாங்கறேன்."

இந்த ஊரில் நம்பர் பிளேட்டைப் பார்த்து வண்டியைச் சொல்கிறவன் போலீஸ்காரன் மட்டும்தான். மற்றவர்களுக்கு முதுகில் எழுதியிருக்கிற வாசகம்தான் பேர். போடா-போடா என்று இங்கே ஓடும் மினி பஸ்ஸைச் சொல்வார்கள். திட்டு இல்லை, வண்டிக்கே அதுதான் பேர். இருபது பேர் உட்காரும் இடத்தில் முப்பது பேர் உட்காருவார்கள், அப்ரண்டிஸ் என்கிற கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பேரைக் கூவுவான்.

சந்திகியும் முன்பு டிரைவர்தான். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று முழங்காலை நசுக்கியபிறகு, டிரைவர்கள் கூடி அவனை அப்கன் ஸ்டாண்டுக்குச் சேர்மனாக வைத்தார்கள். எந்த வண்டி முதலில், எது அடுத்தது என்று முறை போட்டு விசில் ஊதுவது வேலை. சொந்த அண்ணன் தம்பியே வந்தாலும் வளைந்து கொடுக்கமாட்டான் என்று பேர் எடுத்தவன். அந்தப் பேரில்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது.

அப்கன் ஸ்டாண்டு என்றாலே ஜனங்களுக்கு வயிறு எரியும். கிழக்குக் கோடி காலபா டவுனிலிருந்து மேற்குக் கோடி லம்லி வரைக்கும் ஒரே வண்டி, ஒரே கட்டணம் என்றுதான் பேச்சு. பேச்சு அப்படி, நடப்பு வேறு. கிழக்கேயிருந்து வருகிற வண்டி அப்கன் ரவுண்டானாவில் எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும், மேற்கேயிருந்து வருவதும் அப்படியே. இறங்கி, மழையில் நின்று, முட்டி மோதி இன்னொரு வண்டியில் ஏறி, மறுபடியும் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். இதற்குப் பேர் 'பாதி வழி'. பைந்துவுக்கு வேலை காங்கோ கிராஸில் ஒரு கம்பெனி கேன்டீனில். தினமும் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அப்கனில் இறங்கி நிற்பாள். "புருஷன் விசில் ஊதறான், பொண்டாட்டி இறங்கி நிக்கறா, நல்ல குடும்பம்" என்று தெருவில் கேலி பண்ணாத ஆள் கிடையாது.

புதன்கிழமை சாயங்காலம் நடந்தது இதுதான். அவர்களுடைய ஒரே பிள்ளை யேமாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சாயங்காலம் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது, உதடு கறுத்துப்போயிற்று. பக்கத்து மருந்தகத்து நர்ஸ் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "லம்லிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடு, எங்கயும் நிக்காத" என்றாள். வெளியே வானம் பிய்த்துக்கொண்டு கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் எதுவும் ஓடவில்லை, ஆட்டோக்காரன் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். வந்த போடா-போடாவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆண்டவரே ஆண்டவரே என்று கடைசி சீட்டில் நுழைந்துகொண்டாள் பைந்து.

அப்கன் நெருங்கியதும் எல்லாரும் பையைக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பைந்து எழவில்லை, எழ முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரி யாபோம் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

"ஏய் டிரைவர்! இங்க ஒரு பிள்ள மூச்சுக்குத் தவிக்குது. இவள மட்டும் மழையில இறக்கிவிட்டியோ, உன் டயரு நாலும் வெடிக்கும், சொல்லிட்டேன்!"

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். ரேடியோவை நிறுத்தினான். ரவுண்டானாவுக்கு முந்தைய சந்தில் சரேலென்று வண்டியைத் திருப்பினான்.

"யாரும் இறங்க வேண்டாம்" என்றான். அவன் பேசியது அவ்வளவுதான்.

"இறங்க வேணாம்னா? ரெண்டாவது டிக்கெட்டு கேப்பியா?" என்றது ஒரு குரல்.

"கேட்டா எங்கம்மா மேல சத்தியம்" என்றான் அப்ரண்டிஸ் லான்சனா. நாற்பது வயது, முன்மண்டை வழுக்கை, இன்னும் அப்ரண்டிஸ்தான். "உக்காருங்கய்யா, எழுந்து நின்னா வண்டி சாயும்!"

அந்தச் சந்து ஸ்டாண்டுக்குப் பின்பக்கமாகப் போகிறது. அந்த நேரத்தில் சந்திகி முன்பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதி வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை முதுகுக்குப் பின்னால் போவது அவனுக்கு எப்படித் தெரியும்?

வழியில் யார் யாரோ பிள்ளையின் பாதத்தைத் தேய்த்தார்கள். ஒருவர் தன் நிறுத்தம் தாண்டிப்போனதையும் சொல்லாமல் ஜன்னலைக் கையால் அடைத்துக்கொண்டு வந்தார். வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே போய் நின்றது. "நல்ல நேரத்துல கொண்டு வந்தே, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சொல்றதுக்கில்ல" என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து பைந்துவுக்கு அந்தப் பச்சைத் துண்டு கண்ணைவிட்டுப் போகவில்லை. நேற்று இரவு பிள்ளையைத் தங்கை ஜெபேயிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததே இந்தச் சோறு ஆக்கத்தான். இன்றைக்கு நன்றி சொல்லிவிட்டு, அப்படியே போய்ப் பிள்ளையை அழைத்துவர வேண்டும்.

சட்டியை வெள்ளைத் துணியால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். சந்திகி இலையில் சுற்றிய கோலாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வண்டியில் ஏறியதிலிருந்து கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவன் பாதியில் வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் அவள் பக்கம் குனிந்தான்.

"பைந்து, புதன்கிழமை சாயங்காலம்தானே?"

"புதன்கிழமைதான். உங்களுக்கு என்ன அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"அந்தச் சந்து வழியாவா போனீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஸ்டாண்டுல கூட்டமா இருக்கும். அவன ஓரமா கூப்பிட்டு மெதுவா சொல்லிட்டு வந்துரலாம்."

"மெதுவா சொல்றதுக்குப் பேரு நன்றியா? திருட்டுச் சாமானா குடுக்கப் போறோம்? உங்களுக்கு வெக்கமா இருந்தா பின்னால நில்லுங்க, நான் சொல்லிக்கறேன்."

சந்திகி சட்டைப்பையில் இருந்த கோலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதற்கு அவன் அப்புறம் தலையில் அடித்துக்கொண்டான் என்பது வேறு விஷயம்.

அப்கன் ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் தகரக் கொட்டகைக்கடியில் ரொட்டியும் பயறும் தின்றுகொண்டிருந்தார்கள். பாதி வழியில் இறங்கின ஜனம் அடுத்த வண்டிக்காக நனைந்துகொண்டு நின்றது. பைந்து ஒவ்வொரு வண்டியின் முதுகாகப் படித்துக்கொண்டே போனாள். கடைசியில், 'யாரையும் நம்பாதே'. ஸ்டியரிங்கில் பச்சைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பம்பரில் சாய்ந்து ஒல்லியாக ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். பார்த்ததும் பைந்துவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சட்டியை இறக்கிவைத்து, முழங்காலை மடக்கி, ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் எடுத்தாள்.

"புதன்கிழமைக்கு நன்றி தம்பி! காலபா டவுன்ல இருந்து லம்லி வரைக்கும் எங்கயும் நிறுத்தாம, இந்த அப்கன்லகூட இறக்காம, ரெண்டாவது டிக்கெட்டும் கேக்காம என் பிள்ளைய உயிரோட கொண்டு சேத்தியே, அதுக்கு நன்றி! நானும் என் வீட்டுக்காரரும் சொல்ல வந்திருக்கோம்!"

நன்றி என்றால் எங்கே, எப்போது, என்ன செய்தாய் என்று ஒன்றுவிடாமல் சொல்லத்தான் வேண்டும். அவள் ஒன்றும் விடவில்லை. கொட்டகைக்குள் மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றுபோயிற்று.

ஜிப்ரில் பம்பரைவிட்டுத் துள்ளி விலகினான். "நான் இல்லக்கா. வேற வண்டியா இருக்கும். புதன்கிழமை எனக்கு வயித்தால போச்சு, வீட்டவிட்டே வரல" என்றான்.

அதே நேரத்தில் வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து லான்சனாவின் குரல் வந்தது. "புதன்கிழமை பூரா நானும் அவனும் டயரு மாத்திக்கிட்டுல்ல இருந்தோம்!"

ஜனம் கொல்லென்று சிரித்தது. டிரைவர்கள் சிரிக்கவில்லை. பொக்காரி என்கிற கனத்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். சட்டம் பேசுவதில் ஸ்டாண்டில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

"ஆக, அன்னைக்குச் சந்துல புகுந்து போனது நீதான். ரெண்டு நாளா நாங்க தேடிட்டு இருக்கோம், நீயும் எங்ககூடச் சேந்து 'யாருடா அவன்'னு தேடினியே, நடிகன்டா நீ! சேர்மன், போன வருஷம் நீங்க படிச்ச சட்டம்தான். அப்கன்ல திரும்பாம நேரா போனவனுக்கு ரெண்டு வாரம் முறை கிடையாது. நான் சொல்றது சரிதானே?"

பைந்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. பாதி வழி தெரியும், அதை மீறினால் தண்டனை என்பது அவளுக்குத் தெரியாது. அது டிரைவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். ரெண்டு வாரம் வண்டி ஓடாவிட்டால் ஓனர் சும்மா இருப்பானா? சாவியைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவான். அய்யோ, நன்றி சொல்ல வந்த வாயால் இந்தப் பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று பதறினாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கழுத்தில் விசிலும் கையில் கோலாவுமாக அவன் நின்றுகொண்டிருந்தான்.

"பொக்காரி அண்ணே," என்றாள். "என்னைய என்ன வேணா சொல்லுங்க. அவர விட்ருங்க. என் பிள்ளைக்காகப் பண்ணினது அது."

"தங்கச்சி, உன் பிள்ள என் பிள்ள மாதிரிதான். நான் கல்லு இல்ல. ஆனா இதக் கேளு. லம்லிக்கு நேரா ஒரு நட போயிட்டு வர்ற நேரத்துல பாதி வழியில மூணு நட அடிக்கலாம். கிழக்கு ரோட்டு நெரிசல்ல வண்டி நத்தையாட்டம் ஊருது, டீசல் என்ன விலை விக்குதுன்னு உனக்கே தெரியும். சாயங்காலம் ஓனருக்குக் கட்ட வேண்டியதக் கட்டலேன்னா மறுநாள் அந்த சீட்டுல வேற ஒருத்தன் உக்காந்திருப்பான். அவன்கிட்டப் போயி பிள்ள, மழன்னு சொன்னா கேப்பானா? இவன் ஒருத்தன் நேரா போனா, நாளைக்கு என் வண்டியில ஏறறவன் 'அவன் போறான், உனக்கென்ன கேடு'ன்னு கேப்பான்ல?"

"கேப்போம்! ஏன் கேக்கக்கூடாது?" என்றது வரிசையில் நனைந்துகொண்டிருந்த ஒரு குரல்.

"நீ சும்மா இருய்யா, உன் வண்டி வரும்!"

"எப்ப வரும்? எனக்கு நரைச்சப்புறமா?"

பைந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயம் போய், தினமும் இரண்டு தரம் இங்கே நின்ற கோபம் மேலே வந்தது.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதாண்ணே? நானும் டிரைவர் பொண்டாட்டியா இருந்தவதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். லம்லியில மேட்டுமேல இருக்கறவங்க அப்கன் வரைக்கும் வராமலே நடு டவுனுக்கு ஒரே வண்டியில, ஒரே கட்டணத்துல வந்துட்டுப் போறாங்க. சேத்துல இருக்கற எங்களுக்கு மட்டும் ரெண்டா? மேட்டுல வாடகை குடுக்க வக்கில்லாமத்தானே கோடியில போயி இருக்கோம்? இல்லாதவன் கூடக் குடுக்கணும், இருக்கறவன் கொறச்சுக் குடுக்கணும்னா அது எந்த ஊரு நியாயம்? கூடக் குடுத்தும் எங்களுக்குக் கெடைக்கறது என்ன? மழையில நிக்கறதுதான்."

"அப்படிக் கேளு!" என்று நாலைந்து பேர் குரல் கொடுத்தார்கள்.

"நியாயம் பேசி வண்டி ஓடுமா தங்கச்சி? டீசல்லதான் ஓடும்" என்றான் பொக்காரி. குரலில் முன்பு இருந்த வேகம் இல்லை. "சேர்மன் சொல்லட்டும். சொந்தப் பிள்ளைங்கறதுக்காக வளைச்சார்னா, அந்த விசிலு அவரு கழுத்துல இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

எல்லார் கண்ணும் சந்திகியின் மேல் திரும்பியது. அவன் நொண்டிக்கொண்டு ஜிப்ரிலின் முன்னால் போய் நின்றான். இரண்டு கையாலும் கோலாவை நீட்டினான். வெள்ளைக் கொட்டை ஒன்று, சிவப்பு ஒன்று. வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. வாங்காவிட்டால் நன்றியை முகத்தில் எறிந்த மாதிரி, அதைவிடப் பெரிய அவமானம் ஒரு வீட்டுக்கு வேண்டாம். ஜிப்ரில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஜிப்ரில், சேர்மனா கேக்கறேன். புதன்கிழமை நீ நேரா போனியா, இல்லையா?"

ஜிப்ரில் தரையைப் பார்த்தான். மழை அவன் காதோரமாக ஒழுகியது. அவன் நிமிர்ந்தபோது சந்திகியைப் பார்க்கவில்லை, பைந்துவைப் பார்த்தான்.

"பிள்ள இப்ப எப்படி இருக்குக்கா?"

"கடவுளுக்கு நன்றி சொல்லணும் தம்பி. கஞ்சி குடிச்சா. இன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள் பைந்து.

"அப்ப சரி" என்று ஜிப்ரில் பெருமூச்சு விட்டான். "போனேன் சேர்மன். நான்தான் போனேன்."

கையை முன்னால் கொண்டுவந்து கோலாவை வாங்கிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து, வரிசையின் நடுவிலிருந்து மீன்காரி யாபோம் தலையிலிருந்த மீன் பேசினை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நானும் அந்த வண்டியிலதான் இருந்தேன். எனக்கும் ரெண்டாவது டிக்கெட்டு மிச்சம். புதன்கிழமைக்கு நன்றி, ஜிப்ரில்." பிறகு அப்படியே திரும்பினாள். "உனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு, பொக்காரி."

"எனக்கா? எனக்கு என்ன? போ, போயி உன் மீனப் பாரு!"

"மீனத்தான் சொல்றேன். நோன்பு மாசத்துல ஒரு நாளு பேசினு மீனும் நாறிப்போற வெயிலு. நான் இங்க நின்னு அழுதேன். நீ என்ன பண்ணின? காங்கோ கிராஸ் மார்க்கெட்டு வரைக்கும் நேரா கொண்டுபோயி விட்டியா இல்லையா? 'யாருகிட்டயும் சொல்லித் தொலச்சுடாத'ன்ன. நான் நன்றி சொல்லாம இத்தன நாளா முழுங்கிக்கிட்டுக் கிடக்கேன். அன்னைக்கு நன்றி, பொக்காரி!"

"ஏ யாபோம், வாய மூடு!" பொக்காரி காதைப் பொத்திக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு ஒளிய இடம் தேடுவதைப் பார்த்து ஸ்டாண்டே குலுங்கியது.

அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டை வாத்தியார் ஒருவர் முன்னால் வந்து, பரீட்சை அன்றைக்குத் தன்னை நேராகக் கொண்டுபோய் விட்டதற்காக, கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நழுவிக்கொண்டிருந்த ஒரு டிரைவருக்கு நன்றி சொன்னார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "இவன் பொறந்ததே உங்க வண்டியிலதான், பாதி வழியிலயா இறக்கிவிட்டீங்க?" என்று பிள்ளையை இன்னொருத்தனிடம் தூக்கிக் காட்டினாள். டிரைவர்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் கூடிப் போட்ட சட்டத்தை ஒவ்வொருத்தனும் தனித்தனியாக மீறிவிட்டு, மற்றவனுக்குத் தெரியக்கூடாதே என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். பைந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

சந்திகி விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினான். சத்தம் அடங்கியது.

"சட்டம் சட்டம்தான். நான் வளைக்கமாட்டேன்னு உங்களுக்கே தெரியும்" என்றான். "ஜிப்ரிலுக்கு ரெண்டு வாரம். பொக்காரிக்கு ரெண்டு வாரம். தூணுக்குப் பின்னால நிக்கறவனுக்கு ரெண்டு வாரம். பிரசவம் பாத்தவனுக்கு ரெண்டு வாரம். மிச்சம் யாரு இருக்கீங்க? நாளையிலிருந்து இந்த ஸ்டாண்டுல வண்டி கிடையாது. நான் காக்காவுக்கு முறை போட்டுக்கிட்டு நிக்கறேன்."

முதலில் சிரித்தது பொக்காரிதான். "போதும் சேர்மன், மானத்த வாங்காதீங்க. அப்ப சட்டத்த மாத்துங்க."

"மாத்தறேன். எல்லா வண்டியும் எப்பவும் நேரா போங்கன்னா நீங்க செத்துருவீங்க, எனக்குத் தெரியும். சாயங்காலம் ஜனம் வேலை விட்டு வர்ற நேரத்துலயும், மழை கொட்டுறப்பவும் நேர் வண்டி ஓடட்டும். நஷ்டத்த ஒருத்தன் தலையில கட்டாம, முறை போட்டு ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்கலாம். சீக்காளி ஏறினா முறையே கிடையாது, யாரா இருந்தாலும் நேரா போகணும். பிடிக்கலேன்னா சொல்லுங்க, விசில இங்கயே கழட்டி வச்சுட்டுப் போறேன். புதன்கிழமை சாயங்காலம் நான் இந்தப் பக்கம் பாத்து விசில் ஊதிட்டு நின்னேன், என் பிள்ள அந்தப் பக்கம் போயிருக்கு. அத நெனச்சா எனக்கு இனிமே பழையபடி ஊத வராது."

இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஒருத்தன் ரொட்டியை விசிறிவிட்டு எழுந்துபோனான். பொக்காரி தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னைக்கும் மழைதான். யாரு மொத முறை?" என்றான்.

"இன்னைக்கு ஜிப்ரில். நாளைக்கு நீ."

ஜிப்ரில் சிவப்புக் கோலாவைப் பல்லால் பிளந்து, ஒரு துண்டைச் சந்திகிக்கும் இன்னொரு துண்டைப் பொக்காரிக்கும் கொடுத்தான். மூன்று பேரும் அந்தக் கசப்பை முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றார்கள். பைந்துவின் சட்டி அதற்குள் திறந்தாகிவிட்டது. கொட்டகைக்குக் கீழே கையோடு கை இடித்துக்கொண்டு எல்லாரும் தின்றார்கள். முணுமுணுத்தவர்கள்கூட வந்து, முணுமுணுத்துக்கொண்டே தின்றார்கள். "இவ்வளவு எண்ணெய் ஊத்தி வீட்டுல எனக்கு ஒரு நாள் போட்டதில்ல" என்று சந்திகி குறைபட்டுக்கொண்டான். "என்னைய ஒரு நாளாவது நேரா கொண்டுபோயி விட்டிருக்கீங்களா?" என்றாள் பைந்து.

சாயங்காலம் லம்லியில் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஜிப்ரிலின் வண்டியிலேயே ஏறினார்கள். யேமா இளைத்துப்போயிருந்தாள், ஆனால் வாய் மட்டும் இளைக்கவில்லை. அப்பா தன் பக்கத்தில் வண்டியில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரிய அதிசயம். லான்சனாவுக்குத்தான் கஷ்டகாலம். இத்தனை வருஷமாக "அப்கன், அப்கன், பாதி வழி!" என்று கூவின வாய், "காலபா டவுன் நேரா!" என்று சொல்லத் தடுமாறியது. ஏறினவர்களும் நம்பவில்லை. "நேரான்னா எது வரைக்கும் நேரா?" என்று கேட்டுக் கேட்டு ஏறினார்கள். ஒரே கட்டணம்தான் வாங்கினான். வாங்கினதை அவனே இரண்டு தரம் பார்த்துக்கொண்டான்.

மழை கொட்டியது. வண்டி ஊர்ந்து ஊர்ந்து அப்கன் ரவுண்டானாவை நெருங்கியது. ஜனம் மொத்தமும் பழக்கதோஷத்தில் பையையும் கூடையையும் எடுத்துக்கொண்டு பாதி எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகை தெரிந்தது. அங்கே சந்திகியின் குடையையும் விசிலையும் வாங்கிக்கொண்டு பொக்காரி நின்றுகொண்டிருந்தான். 'யாரையும் நம்பாதே' வருவதைப் பார்த்ததும், போ போ என்று கையை ஆட்டினான்.

யேமாவும் அம்மாவின் மடியிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, தகப்பன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, எழுந்திரு. இங்க எறங்கணும்."

சந்திகி பைந்துவைப் பார்த்தான். பிறகு பிள்ளையைத் தூக்கி மடியில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினான்.

"இல்லம்மா. உக்காரு" என்றான். "வீட்டுக்குப் போறோம்."